வருமுன் காத்தல் யார் கடன்?

சுவரில் ஒரு செங்கல்லும் பெயராமல், கூரையில் ஒரு தகடும் மாறாமல், ஒரு கட்டிடம் மனிதருக்கு ஆபத்தானதாக மாறிவிடுதல் கூடுமா? கூடும். நவீன வணிகத்தின் பண்டகசாலைகள் பலவற்றில் இம்மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்துள்ளது.

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் கட்டப்பட்ட ஒரு பண்டகசாலையை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அன்று அதனுள் சாக்கு மூட்டைகளும் மரப்பெட்டிகளும் கடதாசி அட்டைப் பெட்டிகளும் ஆளுயரத்தின் இருமடங்குக்கு நிலத்திலே அடுக்கப்பட்டிருந்தன. கூரையின் கீழே குழாய்கள். குழாய்களில் தாமே இயங்கும் நீர்த்தெளிப்பான்கள். பொறியியலாளர் கணக்கிட்டார், அதிகாரி பார்வையிட்டார், காப்புறுதிக் கம்பனி ஏற்றுக்கொண்டது, சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துள் சுவரில் ஏறிற்று. யாவும் முறையாகவே நடந்தன. பின்னர் நிலத்தின் விலை ஏறியது. பக்கவாட்டிற் பரவ இயலாத பண்டம் மேல்நோக்கி வளர்ந்தது. உருக்கு இறாக்கைகள் கூரையை எட்டுமட்டும் எழுந்தன. மரம் இருந்த இடத்திற் பிளாஸ்திக் வந்தது. வைக்கோல் வைத்துப் பொதிந்த இடத்தில் நுரைப் பொருள் வந்தது. இவற்றுள் எதுவும் ஒரே நாளில் நிகழவில்லை. குற்றம் என்று சுட்டத்தக்க செயல் எதனையும் எவரும் எந்த நாளிலும் செய்யவில்லை. ஆயினும் சுவரிலுள்ள சான்றிதழ் இன்று பொய் சொல்கின்றது.

ஏன் பொய் என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது தீயின் இயல்பையும் அறிதல் வேண்டும். நீர்த்தெளிப்பான்கள் யாவும் ஒருங்கே திறந்து கட்டிடம் முழுவதையும் நனைக்கும் என்பது திரைப்படங்கள் பரப்பிய தவறான எண்ணம். ஒவ்வொரு தெளிப்பானும் தனித்தனியே தன் மீது படும் வெப்பத்தினாலேயே திறக்கின்றது. அதன் வாயை அடைத்திருக்கும் சிறு கண்ணாடிக் குமிழ், பொதுவாகக் காணப்படும் வகையில், 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உடைகின்றது, நீர் பாய்கின்றது. நிலத்தில் நெருக்கமாக அடுக்கிய பண்டத்தில் தீ மெல்லவே பரவும். இறாக்கையிலோ, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில், வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் வெளி உண்டு. அவ்வெளி புகைபோக்கி போலாகின்றது. அடித்தட்டில் எழுந்த தீ அதன் வழியே மேலேறி, சில நிமிடங்களிற் கூரையைத் தொட்டுவிடும். ஒரு கிலோ மரம் எரிந்து தரும் வெப்பத்திலும், ஒரு கிலோ பொலிஸ்ரைரீன் எரிந்து தரும் வெப்பம் இருமடங்குக்கு மேற்பட்டது. கூரையிலிருந்து விழும் சிறுதுளிகள் அவ்வனற் காற்றால் வீசி ஒதுக்கப்படும். அன்றேல் வழியிலேயே ஆவியாகும். தப்பி விழும் நீரையும் மேற்தட்டுகள் குடையாய் நின்று தடுத்துவிடும். நீர் மேலே, நெருப்புக் கீழே, இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை.

பழைய கணக்கின்படி, சாதாரண ஆபத்துள்ள கட்டிடம் ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,100 லீற்றர் நீர் போதும் எனக் கொண்டனர். உயர்ந்த இறாக்கைகளுக்கென 1980களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட, பெரிய வாயும் விரைந்த இயக்கமும் உடைய தெளிப்பானுக்கோ, ஒரு தலைக்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய 375 லீற்றர் வேண்டும். பன்னிரண்டு தலைகள் திறக்கும் எனக் கொண்டே அதனைத் திட்டமிடுவர். அப்படியாயின் நிமிடத்துக்கு 4,500 லீற்றர். ஒரு மணி நேரத்துக்கு 270,000 லீற்றர். ஆகவே, பழைய தலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துதல் மாத்திரம் திருத்தம் ஆகாது. குழாய் பெருக்கவேண்டும், பம்பி மாற்றவேண்டும், தாங்கி கட்டவேண்டும், அல்லது இறாக்கைகளின் உள்ளேயே தட்டுக்குத் தட்டுக் குழாய் ஓட்டவேண்டும். இவை பணச் செலவுள்ள காரியங்கள். இங்கேதான் பொறியியல் முடிந்து அறவியல் தொடங்குகின்றது.

1982ஆம் ஆண்டு யூன் 21ஆம் திகதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபோல்ஸ் என்னும் ஊரிலிருந்த கே-மார்ட் கம்பனியின் பெரும் பண்டகசாலை எரிந்தது. அதன் பரப்பு 12 இலட்சம் சதுர அடி. அது காவலற்றுக் கிடந்த கட்டிடம் அன்று. நீர்த்தெளிப்பான்கள் இருந்தன, உள்ளே தீத்தடுப்புச் சுவர்களும் இருந்தன. ஆயினும், அமுக்கித் தகரத்தில் அடைத்த, எளிதில் தீப்பற்றும் திரவமொன்றின் பெட்டி கீழே விழ, அங்கு தொடங்கிய தீ அத்தனையையும் வென்றது. தகரங்கள் வெடித்து, எறிகணைகள் போல எரிந்தபடி பறந்து தீயைப் பரப்பின. பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட பொருள் அழிந்தது. தெளிப்பான்கள் பழுதடைந்திருந்தமை காரணமன்று. அவை வேறொரு பண்டத்துக்காகத் திட்டமிடப்பட்டவை. கட்டிடம் காத்திருந்த பகைவன் ஒருவன். வந்து சேர்ந்த பகைவன் மற்றொருவன்.

இனி வினாவுக்கு வருவோம். கட்டிய காலத்துச் சட்டத்தை முழுமையாக நிறைவேற்றிய ஒருவன், பின்னர் அறிவு வளர்ந்த காரணத்தாலும் பண்டம் மாறிய காரணத்தாலும் மீண்டும் செலவு செய்யக் கடமைப்பட்டவனா? சட்டம் பெரும்பாலும் அவனுக்குச் சாதகமாகவே பேசுகின்றது. 1896இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிநூல், உலகின் பல பாகங்களிலும் வழிகாட்டியாகக் கொள்ளப்படுவது. அந்நூலே, புதிய விதிகள் ஏற்கெனவே உள்ள கட்டிடங்களைப் பொதுவாகப் பிணியா என்கின்றது. ஏற்கமுடியாத ஆபத்து உளது என அதிகாரி காணுமிடத்து மாத்திரம் விலக்கு. இதில் ஒரு நியாயம் இல்லாமலும் இல்லை. நேற்றுச் சட்டப்படி நடந்தவனை இன்று குற்றவாளி ஆக்குதல் முறையன்று. விதி மாறுந்தோறும் வீட்டை இடிக்கவேண்டுமாயின் எவரும் வீடு கட்டார்.

ஆனால் இந்நியாயத்தை அளவறிந்து ஏற்கவேண்டும். கட்டிடம் பழையது என்பது உண்மை. அதனுள் இருக்கும் இறாக்கை பழையதன்று. இறாக்கையில் ஏறிய பிளாஸ்திக் பழையதன்று. அதனால் வரும் இலாபமும் பழையதன்று. புதிய பண்டத்தின் வருவாயைப் புதிய கணக்கிற் பெற்றுக்கொண்டு, அதன் ஆபத்தை மாத்திரம் பழைய கணக்கில் எழுதிவைப்பது எவ்வகை நேர்மை? உண்மையில் அவன் கோருவது பழைமைக்கு உரிய சலுகையையன்று. மாற்றத்தின் பயனைத் தானும் அதன் பாரத்தைப் பிறரும் சுமக்கும் சலுகையையே கோருகின்றான்.

வள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில், வருமுன்னே காத்துக்கொள்ளாதவனின் வாழ்க்கையை நெருப்பின் முன் நின்ற வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார். இரண்டாயிரம் ஆண்டு மரபில் இவ்வுவமையை அறியாத தமிழர் இலர். ஆனால் நம் காலத்துப் பண்டகசாலையின் வாயிலில் நின்று நோக்குவோர்க்கு அவ்வுவமையில் ஒரு நுட்பம் புலப்படும். அங்கே காவாதவனும் கெடுபவனும் ஒருவனே. தன் பிழைக்குத் தானே வைக்கோலாகின்றான். அதனாலேயே அவ்வெச்சரிக்கை அவன் காதில் ஏறும் என்று புலவர் நம்பினார். இன்றைய வணிக அமைப்பில் இவ்விருவரும் பிரிந்துவிட்டனர். காவாதவன் தொலைவிலுள்ள நகரமொன்றின் பதினெட்டாம் மாடியில் இருக்கின்றான். அவன் பண்டம் காப்புறுதி செய்யப்பட்டது. எரிந்தாலும் பணம் திரும்பும். கெடுபவன் இரவு வேளையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகின்றான். அவனது உயிருக்கு மறுபிரதி இல்லை. எரிமுன் நிற்பவன் வேறு, ஏற்பாடு செய்ய வல்லவன் வேறு என்னும் நிலைமை தோன்றியபின், தன்னலத்தையே துணையாகக் கொண்டு நிற்கும் எந்த எச்சரிக்கையும் வலுவிழந்துவிடுகின்றது. அதன் இடத்தைக் கடமை என்னும் கருத்தே நிரப்பவேண்டும்.

‘பண்டகசாலையில் மனிதர் சிலரே, வாயில்கள் பல, அவர்கள் வெளியேறிவிடுவர், எஞ்சுவது என் பண்டம், அதை இழக்கும் உரிமை எனக்குண்டு’ என்று உரிமையாளர் வாதிக்கக்கூடும். இவ்வாதத்தின் பொய்மையைத் தீயணைப்புப் படையினரின் கல்லறைகள் எடுத்துரைக்கின்றன. 2007 நவம்பர் 2ஆம் திகதி, இங்கிலாந்தின் வாரிக்ஷயரில் அதர்ஸ்ரன்-ஒன்-ஸ்ரவர் என்னுமிடத்திலிருந்த மரக்கறி பொதியிடும் பண்டகசாலையில் தீப்பற்றியது. அங்கு நீர்த்தெளிப்பான் இல்லை. உள்ளே புகுந்த தீயணைப்பு வீரர் நால்வர் திரும்பவில்லை. பொறியியலாளர் நீர்த்தெளிப்பான்களை இருவகைப்படுத்துவர்: தீயைக் கட்டுப்படுத்தி வைப்பன, தீயை அடக்கியே விடுவன. முதலாவது வகையின் கணக்கிலே எழுதப்படாத வரி ஒன்று உண்டு. தீ பரவாதபடி நீர் பிடித்துவைத்திருக்கும். எஞ்சியதை மனிதர் உள்ளே சென்று முடிப்பர் என்பதே அது. அதாவது, ஒரு தீயணைப்பு வீரனின் உடல் அக்கட்டிடத்தின் இயந்திர உறுப்புகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கின்றது. அவனிடம் எவரும் கேட்கவில்லை. நீர் பிடித்துவைக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்று தெரிந்த பின்னும் அவனை உள்ளே அனுப்பும் சூழலை விட்டுவைப்பது, பிறன் உயிரைக் கேளாமல் அடகு வைப்பதாகும்.

மனிதர் மட்டுமல்லர், ஆறுகளும் அடகு வைக்கப்படுகின்றன. 1986 நவம்பர் 1ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சான்டோஸ் கம்பனியின் விவசாய இரசாயனப் பண்டகசாலை எரிந்தபோது, தீயணைக்க இறைத்த நீர் நஞ்சைச் சுமந்துகொண்டு ரைன் நதியிற் கலந்தது. ஆறு சிவந்து ஓடிற்று; நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. எல்லையற்று ஓடும் ஆற்றின் கரையில் நின்று, ‘என் பண்டம், என் நட்டம்’ என்று எவர் சொல்ல முடியும்?

இனி மறுபுறத்திலிருந்து எழும் ஓர் ஐயத்தையும் நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும். முற்போக்குக் கொள்கையுடைய நண்பர் சிலர், ‘இந்நீர்த்தெளிப்பான் முதலாளியின் சொத்தைக் காக்கப் பிறந்த கருவி, இதில் உழைப்பாளிக்கு என்ன?’ என்று கேட்பர். வரலாறு அவர்கள் பக்கமே ஓரளவு சாய்கின்றது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநில ஆலை உரிமையாளர் சக்கரியா அலன், தீப்பாதுகாப்புக்குச் செலவு செய்தமைக்காகக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைக்குமாறு கேட்டார், மறுக்கப்பட்டார், 1835இல் ஆலை உரிமையாளர்கள் தமக்குள்ளேயே பரஸ்பரக் காப்புறுதி அமைத்தனர். தானியங்கு நீர்த்தெளிப்பானை 1874இல் ஹென்றி பார்மெலி என்பவர் பொருத்தியது நியூ ஹேவன் நகரில் இருந்த தமது பியானோத் தொழிற்சாலையில். முதலிற் காக்கப்பட்டவை பருத்தியும் பியானோவும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய முடிவு வேறு. கருவி பிறந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1911 மார்ச் 25ஆம் திகதி நியூ யோர்க்கின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள்; குடியேறி வந்த ஏழைகள். அங்கே நீர்த்தெளிப்பான் இல்லை. திருட்டுக்கு அஞ்சிக் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. பியானோவுக்குக் கிடைத்த நீர் அப்பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 2012 நவம்பர் 24ஆம் திகதி, பங்களாதேஷின் டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள அஷுலியாவில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. தீ தொடங்கியது கீழ்த்தளத்தில், நூலும் துணியும் குவிக்கப்பட்டிருந்த இடத்தில். மேற்தளங்களில் இருந்தோர் அபாயமணியைக் கேட்டு எழுந்தபோது வேலைக்குத் திரும்புமாறு பணிக்கப்பட்டனர். குறைந்தது 112 பேர் உயிரிழந்தனர். கீழே பண்டகசாலை, மேலே மனிதர். இதுதான் நம் காலத்து உற்பத்தியின் குறுக்குவெட்டுத் தோற்றம். எனவே, கருவி முதலாளியுடையது என்று ஒதுக்குதல் தவறு. நீருக்கு வர்க்கம் இல்லை; அதனை எங்கே பாய்ச்சுவது என்று தீர்மானிப்பவருக்கு உண்டு. அத்தீர்மானத்தில் உழைப்பாளியின் குரல் ஒலிக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கையாதல் வேண்டும்.

‘திருத்தவேண்டும் என்பது உண்மையே, ஆனால் பணம் இல்லை’ என்பது அடுத்து வரும் விடை. சிறிய உரிமையாளர் சிலர் விடயத்தில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயின் அவ்விடையைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. குழாயை மாற்றப் பணமில்லையாயின், இறாக்கையைத் தாழ்த்தலாமே! பழைய தெளிப்பான் எந்த உயரத்துக்கு, எந்தப் பண்டத்துக்குப் போதுமானதாய் இருந்ததோ, அந்த உயரத்துக்கு, அந்தப் பண்டத்துக்கு இன்றும் போதுமானதே. மேல் மூன்று தட்டுகளை வெறுமையாக்குவதற்குப் பொறியியலாளர் வேண்டா; பம்பி வேண்டா; கடனும் வேண்டா. நாளைக் காலையே செய்துவிடலாம். அதற்கும் உடன்படாதவன் பணமில்லாமையால் வருந்துபவன் அல்லன். இலாபத்தில் ஒரு பகுதியை விட மனமில்லாதவன். இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால் ‘இயலாமை’ என்னும் பொன்னுக்குள் எவ்வளவு செம்பு கலந்துள்ளது என்பது தெரிந்துவிடும்.

மெய்யாகவே இயலாதவர் பொருட்டும் ஒரு வழி காட்டப்பட்டுள்ளது. தஸ்ரீன் தீயையும், 2013 ஏப்ரல் 24ஆம் திகதி இடிந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்ற ராணா பிளாசாவையும் அடுத்து, அதே ஆண்டு மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடைக் கம்பனிகளும் சட்டவலுவுடைய உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. தொழிற்சாலைகளைத் திருத்துவதற்கான பணம் கிடைக்கும் வகையிற் கொள்வனவு நிபந்தனைகளை அமைக்கக் கொள்வனவாளரும் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரங்களுள் ஒன்று. பண்டத்தை மலிவாக வாங்குபவன் அம்மலிவின் ஆபத்திலும் பங்காளி என்னும் அறம் அங்கே ஓரளவேனும் எழுத்தில் ஏறிற்று. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கருணையால் வந்தவை அல்ல இவை. மாண்டோரின் பெயரால் உயிருடன் இருந்தோர் போராடிப் பெற்றவை.

தொழிலாளியின் பொறுப்பைப் பற்றியும் ஒரு சொல். 2021 யூன் 17ஆம் திகதி, தென் கொரியாவின் இச்சொன் நகருக்கருகே இணைய வணிகக் கம்பனி ஒன்றின் பெரும் பண்டகசாலை எரிந்தது. அங்கே நீர்த்தெளிப்பான் இருந்தது. ஆயினும் அபாயமணி ஒலித்தபோது, அது வழக்கமான பிழையொலி எனக் கருதி ஆறு முறை நிறுத்தப்பட்டது என்றும், அதனால் நீர் பாய்தல் தாமதமாயிற்று என்றும் பொலிஸ் விசாரணை கூறிற்று. தொழிலாளர் தப்பினர், உள்ளே சென்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் மாண்டார். மணியை நிறுத்திய கையைச் சுட்டிக்காட்டுவது எளிது. ஆனால் அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியைத் திருத்தாது விட்டவர் யார்? ஒவ்வொரு நிமிடமும் எண்ணப்படும் இடத்தில், வேலையை நிறுத்துவதே பெருங்குற்றம் என்னும் மனப்பழக்கத்தை ஊட்டியவர் யார்? இறாக்கைகளுக்கிடையே விடவேண்டிய சாண் அகல வெளியை, அவசரத்தில் ஒரு தொழிலாளி பெட்டியைத் தள்ளி அடைத்துவிடுகின்றான். அவ்வெளியாலேயே நீர் கீழிறங்கவேண்டும் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. அறிவு கொடாமல் பொறுப்பு மாத்திரம் கொடுப்பது அநீதி. தன் தலைக்கு மேலுள்ள குழாய் எதற்காக அமைந்தது, எந்த உயரத்துக்கு மேல் அது பயன்படாது என்பதை அறியும் உரிமை அங்கு உழைக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. சுவரில் தொங்கும் சான்றிதழில், திகதிக்குக் கீழே, எந்தப் பண்டத்துக்கு, எவ்வளவு உயரத்துக்கு என்பதையும் அவர்கள் வாசிக்கும் மொழியிற் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால், அது ஒரு பம்பிக்கு நிகரான பாதுகாப்பு ஆகும்.

இக்கடமை நிறைவேறுவதற்குள்ள பெருந்தடை பணமும் அன்று, சட்டமும் அன்று. வருமுன் காத்தலின் இயல்பே அதற்குத் தடையாக நிற்கின்றது. தீயினின்று ஒருவனைத் தூக்கி வந்தவனை ஊர் அறியும், மாலை சூட்டும். தீ எழாதபடி குழாயை மாற்றியவனை எவரும் அறியார். அவனால் உயிர் பிழைத்தவன் தான் பிழைத்ததையே அறியான். வேலை முடிந்து, சலித்து, பேருந்தில் உறங்கியபடி வீடு சேர்கின்றான். நன்றியும் இல்லை, புகழும் இல்லை, சாட்சியும் இல்லை. செய்யாதவனுக்கோ பழியும் பெரும்பாலும் இல்லை. பல ஆண்டுகள் அவன் கணக்கு இலாபத்தையே காட்டும். இவ்வாறு நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் கண்ணிற் படாத இடத்திலேயே ஒரு சமுதாயத்தின் அறம் உண்மையாகச் சோதிக்கப்படுகின்றது.

ஆகவே கடன் யாருடையது? பண்டத்தை உயர்த்தியவனுடையது முதலில். அதனை மலிவாக வாங்கியவனுடையது அடுத்து. பழைய சான்றிதழைப் பார்த்துத் தலையசைத்துச் செல்லும் அதிகாரியினது அதற்கடுத்து. இம்மூவரையும் அக்கடனை இறுக்கச் செய்யும் பொறுப்பு, ஒன்றுதிரண்டு கேட்கவல்ல உழைப்பாளருடையதும், அவர் பக்கம் நிற்கும் நம்முடையதும் ஆகும். கேட்கவேண்டிய கேள்வியோ மிகச் சிறியது. ‘இந்த இறாக்கை இவ்வளவு உயரம் எழுந்தபின், இந்தக் குழாயை எவரேனும் மீண்டும் கணக்கிட்டாரா?’ அக்கேள்விக்கு விடை வருமட்டும் மேற்தட்டுகள் வெறுமையாகவே இருக்கட்டும். வெறுமையான தட்டினால் எவரும் இறந்ததில்லை.